டேங்கடி வீடு

கொட்டாஞ்சேனையில் என் அக்கா வீட்டுக்கு எதிரே நின்ற தண்ணீர்த்தாங்கியை உடைக்கப்போகிறார்கள் என்ற செய்தி, எங்கள் பத்திரிகைக்கு வருமுன் அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. வெள்ளவத்தை வீட்டில் காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வழக்கமாக முதலில் என் சீனி வருத்தத்தையும் மாத்திரையையும் விசாரிப்பவர், அன்று விசாரிக்கவில்லை.

"தம்பி, டேங்கைச் சுத்தித் தகரம் அடிச்சிட்டாங்கள். உடைக்கப்போறாங்களாம். நீ பேப்பர்ல எழுது."

"என்னெண்டு எழுதிறது அக்கா?"

"பழசு, வடிவானது, உடைக்கக்கூடாதெண்டு எழுது. வாழ்நாள் முழுக்க மற்றவன்ர எழுத்தில பிழை பிடிச்சனி. எனக்காக ஒண்டு எழுத ஏலாதோ?"

தாங்கி ஏன் நிற்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அக்காவின் ஒரே மகன் போர்க்காலத்தில் ஒரு காலை வேலைக்குப் போனான். திரும்பவில்லை. விசாரிக்க வேண்டிய இடமெல்லாம் விசாரித்தோம். இறந்துவிட்டான் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை, இருக்கிறான் என்பதற்கும் கிடைக்கவில்லை. அதன்பின் அக்கா அந்த வீட்டைவிட்டு ஓர் இரவும் வெளியே தங்கியதில்லை. என் மகளின் கலியாணத்தன்றும், வெள்ளவத்தை மண்டபத்தில் சாப்பிட்ட கையோடு பஸ் ஏறிவிட்டார்.

அவன் போன பிறகு சுற்றாடல் முழுக்க மாறிவிட்டது. ஒழுங்கைக்குப் புதுப் பெயர் வைத்தார்கள். வீட்டு இலக்கம் மாறியது. முனையிலிருந்த பேக்கரி கைபேசிக் கடையானது. இரண்டு பக்கத்து வீடுகளும் மாடிக் குடியிருப்புகளாயின. மிஞ்சியவை அக்காவின் வீட்டு வாசலில் பச்சைக் கேற்றும், எதிரே தாங்கியும்தான்.

"அவனுக்கு நினைவு தப்பியிருந்தாலும் டேங்கைக் கண்டா வந்திடுவான்" என்று அக்கா சொல்வார். இதை அவர் அழுதுகொண்டு சொன்னதில்லை. இன்றைக்கு மழை வரும் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

எங்கள் பேச்சில் எந்த ஒன்றுக்கும் அருகே உள்ள இடம் அதன் 'அடி'. கோயிலடி, சந்தியடி என்பதுபோல அந்த இடம் டேங்கடி. ஜிந்துப்பிட்டியில் ஏறுபவரும் கொச்சிக்கடையில் ஏறுபவரும் பஸ் நடத்துநரிடம் அப்படித்தான் சொல்வார்கள். சிங்களம் மட்டுமே பேசும் நடத்துநர்களும் "டேங்கடி, டேங்கடி" என்றே கூவினார்கள்.

தாங்கியின் வெளிச்சுவரில், மேலிருந்து கீழாக ஒரு நீளப் பலகை இருந்தது. அதில் ஒரு சிவப்பு முள். தாங்கிக்குள் ஒரு மிதவை. மிதவையையும் முள்ளையும் ஒரு கம்பிக்கயிறு கப்பியின் வழியாக இணைத்திருந்தது. தண்ணீர் குறைந்து மிதவை இறங்கினால், வெளியே முள் மேலே ஏறும். முள் உச்சியில் நின்றால் உள்ளே ஒன்றுமில்லை என்று பொருள். புதிதாகக் குடிவருபவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகவே வாசித்தார்கள். முள் உயரத்தில் நிற்பதைக் கண்டு, தண்ணீர் நிறைய இருக்கிறது என்று துணிகளை ஊறப்போட்டுவிட்டு, சவர்க்கார நுரையோடு வாசலில் வந்து நிற்பார்கள். ஒழுங்கை சிரிக்கும். அக்காவின் மகன் பள்ளிக்கூடச் சட்டையோடு ஜன்னலில் நின்று, "அம்மா, முள்ளு மேல போகுது, வாளியை வை!" என்று கத்துவான். அவன் சத்தத்தைக் கேட்டுத்தான் பக்கத்து வீடுகளும் வாளி வைத்தன.

தாங்கியில் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்தியபோது முள் உச்சியில் நின்றது. பிறகு அசையவில்லை.

எழுதுவதென்றால் விபரம் வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் காலையில் நடக்கும் ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரை எனக்குப் பழக்கம். அவரைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிப்போனேன். அவர் தகர வேலியின் இடுக்கால் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அடித்தட்டைப் பாத்தனீங்களோ? தட்டையாப் போட்டா நடுவில தொங்கும். அதால நடுவைக் கவிட்டு வைச்ச கிண்ணம் மாதிரி மேல வளைச்சு, ஓரத்தை வெளியால சரிச்சுக் கட்டியிருக்கினம். வளைவு வெளியால தள்ளும், சரிவு உள்ளால தள்ளும். ரெண்டும் சரிக்குச் சரி தள்ளினாப் பாரம் நேர தூணுக்கு இறங்கிடும்."

ஆரம்பத்தில் மேட்டு நிலத்தில் தேக்கிய தண்ணீரே நகரத்துக்குப் போதுமாயிருந்தது என்றார். வீடுகள் மாடிகளாக உயர்ந்தபின் குழாய்த் தண்ணீர் மேல்தளங்களுக்கு ஏறவில்லை. அதனால் தண்ணீரைத் தூண்களின் மேல் ஏற்றி வைத்தார்கள். பம்பு ஓடாத நேரத்திலும் அது தன் பாரத்தினாலேயே இறங்கி வரும். இந்த அமைப்பு இந்த நகரத்துக்கென்று வரைந்ததல்ல, பல ஊர்களில் இதே அமைப்பில் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நான் தாங்கியின் விளிம்பைச் சுற்றி ஓடிய சிறு வளைவுகளையும், தூண்களின் தலையில் இருந்த இதழ் வேலைப்பாட்டையும் காட்டினேன்.

"அது தண்ணிக்கு ஒண்டும் செய்யாது" என்றார். "சனம் நெடுகப் பாக்கப்போற சாமான், வடிவா இருக்கட்டும் எண்டு ஆரோ நினைச்சிருக்கினம்."

"இன்னும் நிக்குமோ?"

"கடல்காத்தில உள்கம்பி துருப்பிடிச்சு ஊதிட்டுது. ஊதினாக் கொங்கிறீட் வெடிக்கும். கீழால பள்ளிக்கூடப் பிள்ளையள் போகுதுகள். உடைக்கத்தான் வேணும்."

ஞாயிறு இதழில் அரைப் பக்கம் எழுதினேன். வளைவு, சரிவு, முள், இதழ் எல்லாவற்றையும் எழுதினேன். துருவையும் எழுதினேன். வாசகர் ஒருவர் தொலைபேசியில் பாராட்டிவிட்டு, அந்த இடத்தில் மாடிக் குடியிருப்புக் கட்டி விற்பார்களா என்று கேட்டார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய். உடைக்கவேணும் எண்டும் எழுதியிருக்கிறாய்."

"அதுதான் உண்மை அக்கா."

"ஓம்" என்றார். பத்திரிகையை நான்காக மடித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனார்.

வெடி வைக்கவில்லை. அக்கம்பக்கம் வீடுகள் என்பதால் மேலிருந்து வளையம் வளையமாகக் கொத்தி இறக்கினார்கள். வேலைக்கு வந்தவர்கள் மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள். நடுப்பகலில் ஒருவன் பச்சைக் கேற்றில் வந்து நின்றான்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க. தண்ணி டேங்க ஒடைக்கிறவனுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, பாத்துக்கங்க."

அக்கா செம்பு நிறையக் கொடுத்தார். அவன் குடித்துவிட்டு என் கையிலிருந்த கமராவைப் பார்த்தான். "பேப்பர்காரரா சார்? என்னையும் ஒரு படம் புடிச்சுப் போடுங்க. ஊருல பொண்ணு பாக்குறாங்க."

"இந்தத் தூசியோட போட்டா ஒருத்தியும் வரமாட்டாள்" என்றார் அக்கா. மகன் போன பிறகு அவர் வேறொருவனைக் கேலி செய்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினான். மாலையில் பலகையைக் கழற்றினார்கள். முள் பழைய இரும்போடு லொறியில் போனது. அக்கா ஜன்னலை மூடவில்லை.

தூண்களும் போன மறு வாரம், அக்கா எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கே வந்தார். விளம்பரப் பகுதி மேசையில் நின்று, போட வேண்டியதைத் தானே சொன்னார்.

"டேங்கை உடைத்துவிட்டார்கள். வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது. பச்சைக் கேற். அம்மா."

விளம்பரப் பகுதியில் இருப்பவர் என்னைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும். "அக்கா, இதை எதுக்குள்ள போடுறது? மரண அறிவித்தலுக்குப் பக்கத்தில இடம் கிடக்கு."

"அந்தப் பக்கத்தில போடாதேங்கோ."

"அப்ப, காணவில்லை எண்டதுக்குள்ள?"

"அவன் காணாமப் போகேல்ல. வர நேரமாயிட்டுது, அவ்வளவுதான்."

கல்வி, திருமணம், நன்றி நவிலல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை. முடிவில் வீடு, காணி விளம்பரங்களுக்குள், கொட்டாஞ்சேனை என்ற தலைப்பின் கீழ், ஒரு வாடகை வீட்டுக்கும் ஒரு கராஜுக்கும் நடுவில் அது வந்தது. பெயரோ இலக்கமோ இல்லை.

அது வெளிவந்த அன்று பின்னேரம் அக்கா தொலைபேசி எடுத்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, கேற் தட்டினாங்கள்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"புதுசாக் கலியாணம் கட்டின சோடி ஒண்டு. வீடு வாடகைக்கோ எண்டு கேட்டு வந்ததுகள்."

"மன்னிச்சிடுங்கோ அக்கா, வேற பக்கத்தில..." என்று தொடங்கினேன்.

"நீ கேளன். அதுகள் இந்தப் பக்கமே தெரியாத ஆக்கள். பச்சைக் கேற் எண்டதை மட்டும் வைச்சுக்கொண்டு எப்பிடிப் பிடிச்சனீங்கள் எண்டு கேட்டன். முச்சக்கரவண்டிக்காரனிட்ட உடைச்ச டேங்க் எங்க எண்டு கேட்டினமாம். அவன் 'டேங்கடியோ' எண்டுட்டு நேரக் கொண்டுவந்து கேற்றடியில விட்டானாம். சிங்களப் பொடியன். இல்லாத டேங்குக்கு வழி காட்டுறாங்கள் தம்பி."

கோப்பைகள் கழுவும் சத்தம் கேட்டது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார்.

"அடுத்த கிழமையும் போடு" என்றார். "அதே பக்கத்தில."