காலேஜா, லேபர் கான்ட்ராக்டரா?

போன செவ்வாய்க்கிழமை காலை. வாசலில் தனசேகர் நிற்கிறார். சேக்காட்டில் எங்களுக்கு எதிர்வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். கையில் ஒரு காகிதம், முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது.

“அக்கா, நீங்க பத்திரிகைல எழுதறவங்க. இதுல இன்னா ஏமாத்து வேல கீதுன்னு பாத்து சொல்லுங்க.”

வாங்கிப் பார்த்தேன். அவர் மகள் கீர்த்தனா வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜில் சைக்காலஜி படிக்கிறாள். பேச்சு சரியாக வராத குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில், இந்தக் கோடை லீவில் இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஆனால் சம்பளம் கிடையாது. இப்படிப்பட்டவர்களுக்காக காலேஜின் பழைய மாணவர்கள் ஒரு நிதி வைத்திருக்கிறார்களாம். லீவு முழுக்க அதிலிருந்து உதவித்தொகை வரும். அப்பா கையெழுத்துப் போட வேண்டும், அன்று சாயங்காலத்துக்குள்!

நல்ல விஷயம்தானே? எனக்கு இப்படி ஒன்று இருப்பதே அன்றுதான் தெரியும்.

“நீங்களே சொல்லுங்க க்கா. வேல வாங்கறது ஒர்த்தன், துட்டு குடுக்கறது வேற ஒர்த்தன். இது லேபர் கான்ட்ராக்டுதானே? நான் எத்தினி வருஷம் அதுல கீறேன்! கம்பெனி ஒண்ணு குடுக்கும், கான்ட்ராக்டர் கமிஷன் புடிச்சிகினு மீதிய குடுப்பான். காலேஜு எம் பொண்ண ஆள் சப்ளை பண்ணுது.”

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது அப்படித்தானே தெரியும்?

அவர் பின்னாலேயே வந்து நின்ற கீர்த்தனாவுக்கோ கண் கலங்கிவிட்டது. “போன லீவுல பூந்தமல்லி துணிக்கடைல நின்னேன் ஆன்ட்டி. அந்தக் காசுலதான் ஃபீஸ் கட்டினேன். இவர் கையெழுத்து போடலன்னா இந்த வருஷமும் துணிக்கடைதான்.”

“அந்த சென்டர்லயே நேர்ல கேட்டுட்டா போச்சு” என்று தனசேகர் பைக்கைக் கிளப்பிவிட்டார். பின்சீட்டில் மகள். நான் சும்மா இருப்பேனா? ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே...

மையத்தில் பொறுப்பாளர் அம்மா உட்காரச் சொன்னார். தனசேகர் உட்காரவில்லை. எடுத்த எடுப்பிலேயே, “மேடம், தலைக்கு எவ்ளோ குடுக்கறீங்க காலேஜுக்கு?”

கீர்த்தனா தலையைக் குனிந்துகொண்டாள். வந்த வாய்ப்பு இதோடு போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த அம்மா நிதானமாகவே சொன்னார். “யாருக்கும் எதுவும் குடுக்கல சார். குடுக்க எங்ககிட்ட இல்ல. வர்ற குழந்தைங்ககிட்டயே ஃபீஸ் வாங்கறதில்ல.”

“அப்ப இதுக்கு முன்னாடி வந்த பசங்க சோத்துக்கு இன்னா பண்ணாங்க?”

“அவங்கவங்க வீட்ல பார்த்துக்கிட்டாங்க. கார்ல வந்து இறங்குவாங்க. நல்ல பசங்கதான். ஆனா இங்க வர்ற அம்மாக்கள் அவங்ககிட்ட வாயே திறக்க மாட்டாங்க. உங்க பொண்ணு இன்டர்வியூவுக்கு வந்த அன்னிக்கு, வெளிய காத்திருந்த ஒரு அம்மா இவகிட்ட அரை மணி நேரம் பேசிச்சு. தன் புள்ள ராத்திரி தூங்கறதே இல்லன்னு. எங்ககிட்ட மாசக்கணக்கா சொல்லாத விஷயம் சார் அது! அதான் இவ வேணும்னு கேட்டோம்.”

தனசேகர் மகளைப் பார்த்தார். அவளுக்கே இது புதுச் செய்தி போலிருக்கிறது.

எனக்குள் ஒரு கேள்வி குடைய ஆரம்பித்தது. சம்பளமில்லாத வேலை எல்லாருக்கும் பொதுவாகத்தானே திறந்திருக்கிறது... ஆனால் யாரால் உள்ளே போக முடிகிறது? கீர்த்தனா மாதிரி எத்தனை பேர் துணிக்கடையில் நிற்கிறார்கள்?

வெளியே வந்தோம். பைக் சீட்டில் காகிதத்தை வைத்து, பேனாவை என்னிடம் வாங்கி, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு, காலேஜில் கொடுக்க ஓட்டமும் நடையுமாக பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினாள்.

அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லச் சொன்னார்:

“கமிஷன் புடிக்காத துட்டு எங்க ஊட்டுக்கு வர்றது இதான் க்கா மொத தபா.”