முத்துலட்சுமியின் கேசட்

"நீ தமிழ்க்காரியல்லே? இவிடத்தெ குட்டிகளோடெ நாக்கு நீ எங்ஙனெ சரியாக்கும்?"

வேலையில் சேர்ந்த முதல் நாள் மேடம் கேட்டது இது. தமிழச்சி நீ, இங்குள்ள குழந்தைகளின் பேச்சை எப்படித் திருத்துவாய் என்று. திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் ஸ்பீச் தெரபி பிரிவு அது. மேடம்தான் எனக்கு சீனியர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை இறக்குகிறார். பட்டம் வாங்கி வந்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று கோபம் வந்தது. வீட்டில் கண்ணாடி முன் உட்கார்ந்து, உதட்டருகே ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அழுத்திச் சொல்லவேண்டிய மலையாள எழுத்துகளைப் பழகினேன். சரியாகச் சொன்னால் காகிதம் அசையும்.

"காயிதத்த ஊதுகதுக்கா மக்களே இத்தன வருசம் படிச்ச?" என்று அம்மா சிரிப்பாள்.

ஆறு மாதத்தில் காகிதம் நன்றாகவே அசைந்தது. வருகிறவர்கள் யாரும் என்னைத் தமிழச்சி என்று கண்டுபிடிக்கவில்லை. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் முத்துலட்சுமி வந்தாள். ஏழு வயது. தகப்பனார் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போடுகிறவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து குடிவந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இங்கே மலையாளப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பேச்சு தெளிவில்லை, வாசிப்பு வரவில்லை, ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பலாமா என்று டீச்சர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்.

"டாக்டரம்மாவுக்குத் தமிழ் வருமா?" என்றாள் அவள் அம்மா.

பக்கத்து மேசையில் மேடம் இருந்தார்.

"கொறச்சு," என்றேன். கொஞ்சம் வரும் என்று மலையாளத்தில்.

"இவ ஊர்ல நல்லா வாசிச்சவதாம்மா. பொட்டலம் மடிச்ச பேப்பரக்கூட விடமாட்டா. இங்க வந்துதான் வாயே தொறக்க மாட்டேங்கா."

பெற்ற தாய் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன். டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுப் படங்களைக் காட்டி, உச்சரிப்பைச் சோதிக்கிற ஆர்டிகுலேஷன் டெஸ்ட் எடுத்தேன். மலையாள ஷீட். தப்பான ஒலிக்கு எதிரே ஒரு குறி போடவேண்டும். ஷீட் நிறையக் குறி விழுந்தது. மலையாள வாசிப்பு டெஸ்டிலும் தேறவில்லை. ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பலாம் என்று ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேடம் படித்துப் பார்த்து, "நல்ல ரிப்போர்ட்" என்றார். அன்று முழுக்க அந்தச் சொல்லே காதில் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தாள். பிள்ளையும் கூட இருந்தாள். பாவாடையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"இப்ப வீட்லயும் பேச மாட்டேங்காம்மா. அந்த ஸ்பெஷல் ஸ்கூல்ல உள்ள பிள்ளைக பேசாதுக. இவளும் பேசாம இருந்து பழகிட்டா. தங்கச்சிகிட்டக்கூட கையத்தான் காட்டுதா. நீங்க எழுதித் தந்ததுனாலதான் அங்க சேத்தோம்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்களை உட்காரவைத்துவிட்டு அலமாரியில் பழைய கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டேன். முதல் படம் சாவி. "சாவி" என்கிறது பிள்ளை, தெளிவாக. "மலையாளத்தில் பற மோளே" என்கிறது என் குரல், மலையாளத்தில் சொல்லு மகளே என்று. அடுத்த படம். "வண்ணத்துப்பூச்சி." "மலையாளத்தில் பற." ஏழெட்டுப் படம் வரைக்கும் தமிழில் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அப்புறம் நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போகிறது. எங்கள் வீட்டில் எப்படிப் பேசுவோமோ அதே ஒலிகள். அதற்குத்தான் குறி போட்டிருக்கிறேன்.

தமிழ் பேசி வளர்ந்த காதில் ஒன்றாக விழுகிற இரண்டு ஒலிகளுக்கு மலையாளத்தில் தனித்தனி எழுத்து எதற்கென்று குழந்தைக்குப் புரியாது, அதனால் வாசிப்பு தாமதமாகும், அது குறைபாடு அல்ல. இதைப் பரீட்சையில் ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். தெரியாமல் செய்யவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டதுமே மந்தம் என்று முடிவுகட்டிவிட்டேன், அவ்வளவுதான். என்னைப் பற்றி யாரும் அப்படி முடிவுகட்டிவிடக் கூடாதே என்றுதான் வீட்டில் காகிதத்தை அசைத்துக்கொண்டிருந்தேன்.

மேடம் எதிரே இருக்கும்போதே முத்துலட்சுமியிடம் தமிழில் பேசினேன். அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். ஒரு தமிழ்ப் பாடப்புத்தகத்தைக் கடன் வாங்கி வந்து முன்னால் வைத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்தாள். பிறகு விரல் வைத்து நான்கு வரி வாசித்தாள், தடங்கல் இல்லாமல். ஐந்தாவது வரியில் நிறுத்திவிட்டாள். போன வருடம் முழுப் பக்கமும் வாசித்திருப்பாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஷீட்டை எடுக்கும் முன் அந்தக் குழந்தை வீட்டில் எந்த மொழியில் சண்டை போடுகிறது என்று கேளுங்கள்.

முத்துலட்சுமியைப் பற்றிய என் முதல் ரிப்போர்ட் தவறு, காரணம் குழந்தை அல்ல, சோதித்தவள் என்று எழுதிக் கையெழுத்திட்டு, நேற்றுக் காலை இரண்டு பள்ளிக்கூடத்திலும் நேரில் கொடுத்துவிட்டேன். ஒரு காப்பி மேடத்தின் மேசையில் இருக்கிறது.