சென்டிமென்ட்டுக்கு இன்னொரு வார்த்தை

வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை மூடி வருடங்கள் ஆகியும் தெருவுக்கு அவர் டீச்சர்தான். இப்போது பார்ப்பது வேறு வேலை. தொலைக்காட்சித் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதுகிறார். மொழி தெரியாதவர்களும் பார்த்து அழ வேண்டும் என்று கம்பெனிக்கு ஆசை.

சாப்பாட்டு மேசையில் லேப்டாப், காதில் ஹெட்ஃபோன். கதாநாயகி தரையில் விழுந்து புரண்டாலும் டீச்சர் முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. வரி நீண்டுவிட்டதே, அடுத்த வசனத்துக்குள் படித்து முடிப்பார்களா என்பதுதான் அவர் கவலை.

அழுவதற்கென்று வீட்டில் வேறொருவர் இருந்தார். அவர் கணவர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஆள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பார்; கம்ப்ரஸரை ஒற்றை ஆளாகத் தூக்குவார். ஆனால் பற்பசை விளம்பரத்தில் குழந்தைக்கு முதல் பல் விழுந்தால் கண்ணைத் துடைக்கத் துண்டைத் தேடுவார். வேலை முடிந்து வந்ததும் மனைவிக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சத்தமே கேட்காமல், படத்தை மட்டும் பார்த்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார்.

ஒரு தொடரில் மூத்த மருமகள் ஒருத்தி வந்தாள். வீட்டில் யார் கண் கலங்கினாலும், "சும்மா சென்டிமென்ட் போடாதே" என்பாள். டீச்சரும் சளைக்காமல் ஒவ்வொரு முறையும் 'சென்டிமென்டல்' என்றே எழுதினார். ஆபீஸிலிருந்து டீம் லீடர் போன் செய்தான்.

"மேடம், எங்க பார்த்தாலும் அதே வார்த்தை. படிக்கிறவங்களுக்குச் சலிச்சுப் போகுது. வேற வேற போடுங்களேன்."

தேடத் தேட வார்த்தைகள் வந்து குவிந்தன. மெக்கானிக்குக் குஷி. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டார்.

"'மஷி'ன்னா?"

"குழைஞ்சு போனது."

"ஸிரப்பி?"

"பாகு மாதிரி. தித்திப்பு தாங்காது."

"ஷ்மால்ட்ஸி?"

"கோழிக்கொழுப்பை உருக்கி எடுப்பாங்களே, அதுலேர்ந்து வந்தது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அழறவனைத் திட்டணும்னா நேரா அடுப்படிக்குப் போயிடுறாங்களே. நல்லாச் சாப்பிடுற கூட்டம் போல."

"மாட்லின்னு ஒண்ணு இருக்கு. குடிச்சிட்டு அழறவனுக்கு."

"குடிக்காமலே அழறவனுக்கு?"

"அதுக்குத்தான் தேடிட்டிருக்கேன்" என்றார் டீச்சர். இருவரும் சிரித்தார்கள்.

'மாக்கிஷ்' என்ற வார்த்தை அப்போதுதான் கிடைத்தது. குமட்டுகிற அளவுக்கு உருகுவது. அதன் வேர், புழுவைக் குறிக்கும் பழைய சொல் ஒன்று. டீச்சர் அதையும் விளக்கமாகச் சொன்னார்.

மறுநாள் டீம் லீடர், சாப்பிக்கும் மாக்கிஷுக்கும் என்ன வித்தியாசம் என்று போனில் கேட்டான். டீச்சர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "சாப்பின்னா அசடு, பாவம்னு விட்டுடலாம். மாக்கிஷ்னா பக்கத்துல உட்கார முடியாது. எங்க வீட்டுக்காரரை ஒருநாள் வந்து பாருங்க, புரிஞ்சிடும்."

மெக்கானிக் அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின.

முதலில் டீச்சருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு வேலை தடுமாறியது. பின்னாலிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தால் அந்த இடத்தில் கனம் இருக்கிறது என்று இத்தனை நாளும் தெரிந்துகொண்டிருந்தார். இப்போது எல்லா வரியும் ஒரே மாதிரி தெரிந்தது. எழுதி அனுப்பியது திரும்பி வந்தது. உயிரே இல்லை மேடம் என்றான் டீம் லீடர்.

அடுத்து வந்த காட்சியில் அவர் சுத்தமாக மாட்டிக்கொண்டார். எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மூத்த மருமகள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இளையவள் தட்டு வைத்துப் பரிமாறுகிறாள். உடனே இவள், 'சும்மா சென்டிமென்ட் போடாதே' என்று அதே பல்லவியைப் பாடுகிறாள். சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றும் அங்கே பொருந்தவில்லை.

"இங்க கொஞ்சம் வாங்களேன். இந்த சீன் பிடிபடல."

"புழுவுக்கு என்ன தெரியும்" என்று பால்கனியிலிருந்து பதில் வந்தது.

டீச்சர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு எழுந்து போனார். "பேச்சுக்குச் சொன்னேங்க."

"நல்லாத்தான் சொன்னே. அந்தப் பையன் சிரிச்சது எனக்கே கேட்டுச்சு."

டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஸ்கூலை மூடின அன்னிக்கு வீட்டுக்கு வந்து நான் என்ன பண்ணேன்?"

"பாத்ரூம் கழுவினே."

"நீங்க?"

"வாசல்ல நின்னு அழுதேன்."

"எனக்கு வரல. இன்னிக்கு வரைக்கும் வரல. உங்களுக்கு நினைச்ச மாத்திரத்துல வந்துடுது. பொறாமைதான், வேறென்ன. அதைக் கிண்டலாப் பேசிட்டேன். தப்பு."

மெக்கானிக் டீயின் கடைசி மடக்கைக் குடித்தார். பிறகு உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். டீச்சர் ஹெட்ஃபோன் ஒயரைப் பிடுங்கி, அவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார்.

இளையவள் தட்டு வைக்கும்போது அவர் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தார். அந்த வசனம் வந்ததும் உடைந்துபோனார். "இவளுக்கு இதுவரைக்கும் யாரும் பரிமாறினதில்லை போலிருக்கு" என்றார் மூக்கடைப்போடு. "திட்டல. பயந்துட்டா."

டீச்சர் காட்சியை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். கெஞ்சுவது போல, வேண்டாமே என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினார். டீம் லீடரிடமிருந்து ஒரு திருத்தமும் வரவில்லை.

அந்தத் தொடர் முடிந்து, அடுத்து கிடைத்தது ஒரு கொலை வழக்கு. கதையில் ஒருவரும் அழுவதில்லை. போலீஸ்காரர்கள் தடயம் பொறுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். இதில் உங்களுக்கு வேலை இல்லை என்று டீச்சர் முன்பே சொல்லிவிட்டார். சும்மா பார்க்கிறேன் என்று அவர் உட்கார்ந்தார். முதல் காட்சியில் சாலையோரத்தில் ஒரு பிணம். இன்ஸ்பெக்டர் குனிந்து அதன் சட்டைப்பையைத் துழாவினார்.

மெக்கானிக் மனைவியின் தோளைத் தொட்டார்.

"இவன் அம்மாவுக்குச் சொல்லிட்டாங்களா?"

"அம்மான்னு ஒரு கேரக்டரே இல்லைங்க இதுல."

"இல்லாம எப்படி இருக்கும்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

டீச்சர் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.