கரண்ட் இல்லையா, ஓடவில்லையா? – ரீட்டாவின் நினைவாக

கீரப்பாளையத்தில் ஓர் அரிசி ஆலையின் மின்சாரப் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது ரீட்டாவின் கணவர் அந்தோணியின் அழைப்பு வந்தது. "அண்ணா, ரீட்டா போயிட்டாண்ணா" என்றார். "எத்தன மணிக்கு?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இப்போதும் புரியவில்லை. பேனலை மூடிப் பூட்டிவிட்டு, ரீட்டாவின் வீட்டுக்குப் போகக் கடலூர் பஸ்ஸில் ஏறினேன்.

ரீட்டாவை அறிந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். பங்குக் கோயில் பாடகர் குழுவில் அவரோடு பாடியவர்கள் இருப்பீர்கள். அவர் பேனல் மாட்டிக் கொடுத்த ஆலைக்காரர்கள், இறால் பண்ணைக்காரர்கள் இருப்பீர்கள். நான் அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவன். கடலூரில் ஒரு சிறிய பட்டறையில் நாங்கள் இருவரும் மோட்டார்களை இயக்கும் மின்சாரப் பேனல்கள் செய்தோம். வயதில் நான் ஐந்து வருடம் மூத்தவன் என்பதால் அவருக்கு நான் அண்ணன். வேலையில் அப்படி எந்த மூப்பும் எனக்கு இல்லை.

கரண்ட் சென்சிங் ஸ்விட்ச் முதன்முதலாக எங்கள் பட்டறைக்கு வந்த நாள் நினைவிருக்கிறது. மெதுவடை போல நடுவில் ஓட்டையுள்ள சின்னக் கருவி. மோட்டாருக்குப் போகும் கம்பியை அந்த ஓட்டை வழியாக விட வேண்டும். கம்பியில் மின்னோட்டம் ஓடினால் உள்ளே ஒரு ஸ்விட்ச் சேர்ந்துகொள்ளும், பேனலில் விளக்கு எரியும். மோட்டார் எங்கோ தூரத்தில் இருந்தாலும் அது ஓடுகிறதா என்று இங்கிருந்தே தெரிந்துவிடும். நான் மாட்டினேன். மோட்டார் ஓடியது, விளக்கு எரியவில்லை. "டப்பா சரியில்ல, திருப்பி அனுப்பிடலாம்" என்றேன். ரீட்டா பேனலின் மெயினை அணைத்தார். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள வேறொரு பிளக்கில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார், பிறகு எங்கள் கம்பியில் வைத்தார், மறுபடியும் பிளக்கில் வைத்தார். அதன் பிறகுதான் கையை உள்ளே விட்டார். நான் இரண்டு கம்பிகளையும் சேர்த்து ஓட்டைக்குள் விட்டிருந்தேன். ஒன்றை மட்டும் வெளியே எடுத்துவிட்டு மெயினைப் போட்டார். விளக்கு எரிந்தது.

"போற கரண்டும் வர்ற கரண்டும் ஒன்னையொன்னு அழிச்சிக்குதுண்ணா. ரெண்டும் சேந்து போனா இதுக்கு ஒன்னுமே போகாத மாதிரிதான்" என்று சிரித்தார். அன்று மதியம் முழுக்க அதே கம்பியை இரண்டு சுற்று, மூன்று சுற்று விட்டு, எவ்வளவு குறைந்த கரண்டுக்கு விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் மெயினை அணைத்தார், ஒவ்வொரு முறையும் டெஸ்டர் வைத்தார். எனக்கு அது சலிப்பாக இருந்தது. அவருக்குச் சலிக்கவேயில்லை.

இனி நான் சொல்லப்போவது என் மனைவிக்கே தெரியாதது.

கிள்ளைப் பக்கம் ஓர் இறால் பண்ணை. குளத்தில் காற்று கலக்கும் மோட்டார் நின்றால் சில மணி நேரத்தில் இறால் செத்து மிதந்துவிடும். அதனால் ஒவ்வொரு மோட்டாருக்கும் இந்த ஸ்விட்சை மாட்டியிருந்தோம். ஒரு நாள் காலை மூன்றாம் குளத்தின் விளக்கு அணைந்திருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தோம். விளக்கு எரியவில்லை, மோட்டாரும் ஓடவில்லை. பண்ணைக்காரர் பின்னாலேயே நின்று அவசரப்படுத்தினார். நான் கரையில் இருந்த மோட்டாரின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு கம்பி கழன்று தொங்கியது. இதுதானா என்று அதைப் பிடிக்கக் கை நீட்டினேன். காலுக்குக் கீழே ஈர மண்.

"அண்ணா, கைய எடு!"

அதுவரை என்னை வாங்க போங்க என்றுதான் பேசியவர். அந்தக் குரலுக்குக் கை தானாகப் பின்னால் வந்தது. ரீட்டா வந்து டெஸ்டரை அந்தக் கம்பியில் வைத்தார். சிவப்பாக எரிந்தது.

மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் திட்டவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பியவராகக் கேட்டார்:

"லைட்டு உங்களுக்கு என்னா சொல்லுச்சுண்ணா?"

"கரண்ட் இல்லன்னு."

"இல்ல. கரண்ட் ஓடலன்னு சொல்லுச்சு. கம்பி கழண்டு கெடந்தா எப்படி ஓடும்? ஆனா கம்பியில இருக்குதே!" தொங்கிய கம்பியைக் காட்டினார். "நம்ம பேச்சுல ரெண்டுக்கும் கரண்டுதான். வூட்டுல கரண்ட் போச்சுன்னாலும் கரண்ட், கம்பியில ஓடுனாலும் கரண்ட். உங்கள ஏமாத்துனது லைட்டு இல்லண்ணா, அந்த வார்த்த."

அடுத்த வாரமே எல்லாப் பேனலிலும் ஒரு சீட்டு ஒட்டினார். 'விளக்கு அணைந்தால் மோட்டார் ஓடவில்லை என்று மட்டுமே பொருள். கம்பியில் மின்சாரம் இருக்கலாம். அணைத்து, பூட்டி, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் தொடாதீர்கள்.' உங்கள் பேனலில் இருப்பது அவர் கையெழுத்துதான். என்னால் வந்த சீட்டு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி மூன்று வாரம் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் கட்டி. முகம் சுருங்கிப் போயிருந்தது, கண் மட்டும் அலைந்துகொண்டே இருந்தது. கையில் மருந்து ஏற்றும் சின்ன மெஷின் ஒன்று படுக்கையருகே ஓடியது. நர்ஸ் வந்தபோது கேட்டார்: "பாப்பா, மருந்து ஒடம்புக்குள்ள போவுறத இது பாக்குதா, இல்ல தன் மோட்டார் சுத்துறத மட்டும் பாக்குதா?"

குமராட்சிப் பெண் அவள், இருபத்தைந்து வயதிருக்கும். மெஷினைக் குனிந்து பார்த்தாள். "தெரியலக்கா. கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

அவள் போனதும் ரீட்டா என் பக்கம் திரும்பினார். "நல்ல பொண்ணு. தெரியலன்னுட்டா பாத்தீங்களா?"

மறுநாள் நான் போயிருந்தபோது அவள் பதிலோடு வந்தாள். குழாய் அடைத்துக்கொண்டால் அழுத்தத்தை வைத்து மெஷின் கத்துமாம். ஊசி நரம்பைவிட்டு நழுவி, மருந்து வெளியே சதையில் இறங்கினால் அதற்குத் தெரியாமலே போகலாமாம்.

"அப்ப அத யாரு பாக்குறது?"

"நாங்கதான்க்கா. வந்து கையத் தொட்டுப் பாப்போம்."

ரீட்டா கையை நீட்டினார். அந்தப் பெண் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி மெதுவாக அழுத்திப் பார்த்து, "சரியா இருக்குக்கா" என்றாள். ரீட்டாவின் முகத்தில் அன்று நான் கண்ட திருப்தியை ஆலை முதலாளிகள் யாரும் அவருக்குக் கொடுத்ததில்லை. நான் அவரை உயிரோடு கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

இத்தனை வருடம் தொழிலில் இருந்துகொண்டு ஒன்று தெரியவில்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம் உண்டு. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளத்தான் அன்று கிள்ளையில் கை நீட்டினேன். போன வாரம் ஒரு பம்பு செட்டில், பேனல் விளக்கு ஏன் விட்டு விட்டு எரிகிறது என்று அந்த வீட்டம்மா கேட்டார். வாய்க்கு வந்த ஒரு காரணம் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "தெரியலம்மா, பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அந்த அம்மா ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மெயினை அணைத்துவிட்டு, பார்க்க உட்கார்ந்தேன்.