சொல்லாமல் போனவர்களுக்குச் சிவப்புக் குறி

நான் பார்க்கும் வேலையை அம்மாவுக்கு விளக்கிச் சொல்லி எனக்கு வாய் வலித்துப்போனதுதான் மிச்சம். இணையத்தில் ஐந்து பேர் ஒரு பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம் நின்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. அதை நடத்தும் பெங்களூர் கம்பெனிக்குத் தென்காசி வீட்டு மாடியறையிலிருந்து வேலை பார்க்கிறேன். யார் ஒழுங்காக விளையாடுகிறார், யார் கெட்ட வார்த்தை பேசுகிறார், யார் கூட்டாளிகளை விட்டுவிட்டுப் பாதியில் ஓடுகிறார் என்று பார்த்து, அதற்கேற்ப நல்ல பேரும் பரிசும் கொடுக்கும் முறையைச் சீர்செய்வது என் பொறுப்பு.

“ஆளைச் சுடுத விளையாட்டுல நல்ல பிள்ளைக்கு மார்க் போடுதியாக்கும்” என்பாள் அம்மா. “சுட்டவனுக்கு என்னட்டி நல்ல பேரு வேண்டிக்கிடக்கு?”

நான் சேர்வதற்கு முன்னால் அங்கே சுட்ட கணக்கு மட்டும்தான் செல்லும். அடிபட்டுக் கிடக்கிற கூட்டாளியிடம் ஓடிப்போய் மருந்து போட்டவனுக்கு ஒன்றும் கிடையாது. தோற்கும்போது கூடவே நின்றவனுக்கும் ஒன்றும் கிடையாது. அதையெல்லாம் மாற்றினோம். மாற்றியதில் இரண்டு விதிகள் என் தம்பி கேட்டு நான் எழுதியவை.

அவன் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் இருந்தான். சீசன் நாளில் ஆட்கள் எல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய்விட்டால் லாட்ஜ் காலியாகக் கிடக்கும். அவர்கள் ஈரத்துணியோடு திரும்பிவந்து வெந்நீர் கேட்கும்வரை அவன் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு விளையாடுவான். தோற்றால் எனக்குத்தான் போன் வரும்.

“எக்கா, தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் எல்லாப் பயலும் ஓடிட்டானுவ. நான் ஒருத்தன்தான் கடைசி வரைக்கும் நிக்கேன். எனக்கு என்ன மரியாதை உன் கம்பெனியில?”

“நீயும் ஓட வேண்டியதுதானல?”

“ஓடுனா நல்லாவா இருக்கும்? வெக்கங்கெட்ட தனம்லா.”

அப்படித்தான் அந்த விதிகள் வந்தன. அவசரம் என்றால் ‘போக வேண்டியிருக்கிறது’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திச் சொல்லிவிட்டுப் போனால் குற்றமில்லை. சொல்லாமல் போனால் பேருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழும். சிவப்பு விழுந்தவன் அந்த விளையாட்டு சீசன் முழுக்க வசைபாடுகிறவர்கள், ஏமாற்றுகிறவர்கள் கும்பலோடுதான் விளையாட வேண்டும். எல்லோரும் போன பிறகும் தனியாக நிற்பவனுக்கு ‘கடைசி வரை நின்றவர்’ என்று ஒரு பட்டம், கூடவே தங்க நிறத்தில் ஒரு துப்பாக்கி. தம்பிக்கு அந்தத் துப்பாக்கி ரொம்ப நாளாகக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவனுக்கு ஓடாத கூட்டாளிகள் நாலு பேர் அமைந்துவிட்டார்கள்.

ராயகிரியில் விவசாயம் பார்க்கும் ஒருவர். பண்பொழியில் செல்போன் கடை வைத்திருப்பவர். செங்கோட்டையில் தையல்கடை நடத்தும் ஒரு பெண். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒருவர். இந்தக் கடைசி ஆளைத் தவிர வேறு யாரையும் தம்பி நேரில் பார்த்ததில்லை. எல்லாம் ஒரே பஸ்ஸில் போய் இறங்குகிற தூரம்தான், ஆனாலும் பார்த்ததில்லை. குரலில்தான் பழக்கம். ஐந்து பேருக்கும் நல்ல பேரில் மிக உயர்ந்த பச்சைப் பட்டை இருந்தது. வருஷக்கணக்காகச் சேர்த்தது.

போன குற்றாலச் சீசனில் தம்பி செத்துப்போனான். சாரலில் ரோடு வழுக்கி, வேனில் அடிபட்டுவிட்டான் என்றார்கள். வேன்காரன் மேல்தான் தப்பு என்றும் சொன்னார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். எனக்கு அழுகை வரவில்லை. பந்தலுக்கு நாற்காலி போதுமா, ஆட்களுக்குக் காப்பி போனதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். “கல்லு மாதிரி நிக்கா பாரு” என்று ஒரு சித்தி பின்னால் சொன்னது காதில் விழுந்தது. ஆமாம், கல்தான், அதற்கு இப்போது என்ன என்று திரும்பிக் கேட்டிருப்பேன். அதற்கும் தெம்பில்லை.

துட்டி கேட்க வந்துகொண்டே இருந்தார்கள். வருவார்கள், அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், எழுந்து போய்விடுவார்கள். யாரும் ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் துட்டி வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாது. சொன்னால், இதே மாதிரி இன்னொரு காரியத்துக்குத் திரும்பி வருவேன் என்று ஆகிவிடும். அதனால் இப்போது பார்த்தால் இருப்பார்கள், அடுத்துப் பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கும்.

பதினாறு கழிந்ததும் வேலைக்கு உட்கார்ந்துவிட்டேன். அம்மா தம்பியின் போனை அணையவிடாமல் சார்ஜ் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த விளையாட்டைத் திறந்தால் முதலில் தம்பியின் ஆள் நிற்பான். பச்சைச் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு. அந்த ஆள் சும்மா நிற்கும்போது நெஞ்சு ஏறி இறங்கும். எல்லா ஆளுக்கும் அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள்.

“மூச்சு விடுதான் பாரு” என்று அம்மா என்னிடம் காட்டினாள். நான் “ம்” என்றேன். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அப்போதுதான் ராயகிரிக்காரர் தம்பியின் போனுக்குக் கூப்பிட்டார்.

“அக்கா, நாங்க நாலு பேரும் துட்டி கேக்கணும்.”

“வீட்டுக்கு வாங்க” என்றேன்.

“வீட்டுக்கு வந்து யாருன்னு சொல்லுதது? அம்மாவுக்கு எங்க மூஞ்சி தெரியாது. அவனை நாங்க பாத்ததெல்லாம் அங்கனதான. அங்கனயே வந்து கேட்டுட்டுப் போறோம். நீங்க அவன் போன்ல உள்ள வந்தா மட்டும் போதும்க்கா.”

கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் சரி என்றேன். மறுநாள் மத்தியானம் மாடியறையில் தம்பியின் போனைத் திறந்து அவர்கள் அழைத்த மேட்சுக்குள் போனேன். விளையாட்டில் வரும் பாழடைந்த ஊருக்குள் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. தம்பி எப்போதும் அதன்மேல் ஏறி நின்றுதான் சுடுவானாம். என்னையும் ஏற்றிவிட்டார்கள். நாலு பேரும் துப்பாக்கியைத் தரையில் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

ஒருவர் மைக்கில் மழைச் சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கத்துக்காரர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர்கள் வந்து சுட்டார்கள். செத்தவர்கள் மறுபடி உயிரோடு எழுந்து, ஊர்க்கோடியிலிருந்து ஓடிவந்து, மறுபடி தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள். மறுபடியும் சுட்டார்கள். மறுபடியும் வந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுபவர் மூக்கை உறிஞ்சினார். செங்கோட்டைப் பெண் மட்டும் மலையாளம் கலந்த பேச்சில், “அய்யோ, எந்தொரு நல்ல ஆளாக்கும்” என்றார்.

கொஞ்சநேரம் கழித்துத் திரையில் ஒருவர் மறைந்தார். அப்புறம் இன்னொருவர். பொத்தானை யாரும் அழுத்தவில்லை. சொல்லவில்லை. கடைசியாக ராயகிரிக்காரரும் போனார். நான் மட்டும் நின்றேன். மேட்ச் முடிந்தது. திரையில் தம்பியின் பேர் வந்தது, கீழே ‘கடைசி வரை நின்றவர்’ என்று வந்தது, தங்கத் துப்பாக்கி சுழன்றது. பட்டத்தின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே தொங்குகிறதே, தமிழுக்கு எழுத்தளவைக் குறைக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதைத்தான் நினைத்தேன்.

நாலு பேருக்கும் சிவப்பு விழுந்துவிட்டது. சொல்லாமல் போனதோடு, துப்பாக்கியைப் போட்டுவிட்டுச் சேர்ந்து நின்றதால் திட்டமிட்டுத் தோற்றவர்கள் என்றும் கணினி சந்தேகப்பட்டது. சந்தேகக் கேசெல்லாம் எங்கள் டீமுக்குத்தான் வரும். இதுவும் வந்தது. ஏன் போனீர்கள் என்று கேட்கும் இடத்தில் மூன்று பேர் ஒன்றும் எழுதவில்லை. ராயகிரிக்காரர் மட்டும் எழுதியிருந்தார்: “துட்டிக்குப் போயிருந்தோம். துட்டி வீட்டில் சொல்லிவிட்டு வரக் கூடாது.”

சிவப்பை எடுத்துவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவருக்கு நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று நன்றாகத் தெரியும். கேட்கவில்லை.

நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் சிவப்பை எடுத்துவிடுவார்கள். ஆனால் எங்களிடம் இன்னொரு விதி உண்டு. அது நான் எழுதியதல்ல. ஐடிக்கு உரியவர் இறந்துவிட்டார் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் அந்த ஐடியை மூடிவிட வேண்டும். வேறு ஆளுக்கு மாற்ற முடியாது. தம்பியின் பேர் போகும், பட்டம் போகும், அம்மா மத்தியானம் பார்க்கிற அந்த ஆளும் போய்விடுவான். சொல்லாமல் விட்டால் நாலு பேரும் தம்பிக்காக நின்ற குற்றத்துக்கு வசைபாடுகிறவர்களோடு கிடப்பார்கள். இரண்டு பக்கமும் பார்த்தேன். எந்தப் பக்கமும் எனக்கு வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவிடம் பாதியை மட்டும் சொன்னேன்.

“தம்பிகூட விளையாடுதவங்க நாலு பேருக்குக் கெட்ட பேரு விழுந்துட்டும்மா.”

“எதுக்காம்?”

“அவனுக்குத் துட்டி கேக்க வந்தாங்க. போறப்ப சொல்லாமப் போயிட்டாங்க.”

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “ஏட்டி, துட்டிக்கு வந்தவங்க சொல்லிட்டா போவாங்க? குத்தம் சொல்லுதவன் எவன்? உன் கம்பெனிக்காரனுக்கு வீட்டுல சாவே விழுந்ததில்லையாமா? எம்பிள்ளைக்காக வந்தவங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்கவா நீ அங்கன உக்காந்திருக்க? போ, போய்ச் சொல்லு.”

“சொன்னா...” என்று ஆரம்பித்தேன்.

“சொன்னா என்ன, வேலைய விட்டா தூக்கிருவான்? தூக்குனா தூக்கட்டும். போ.”

மீதியைச் சொல்லாமலே மாடிக்குப் போனேன்.

மேலாளர் வடக்கத்திக்காரர், நல்ல மனிதர். வீடியோவில் டீம் கூடியிருந்தபோது, துட்டி என்றால் என்ன என்று கேட்டார். ஒருவர் இறந்தால் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருவது என்று இங்கிலீஷில் சொன்னேன். யார் இறந்தது என்றார். தொட்டிமேல் நின்ற ஐடி என் தம்பியுடையது, அவன் உயிரோடு இல்லை, போனைப் பிடித்திருந்தது நான் என்றேன். வேலைக்குத் திரும்பியபோது வீட்டில் ஒரு துக்கம் என்று மட்டுந்தான் அவர்களிடம் சொல்லியிருந்தேன். ‘தம்பி இறந்துவிட்டான்’ என்று என் வாயால் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. துட்டிக்கு வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, அவர்கள் தெரிந்துதானே வந்தார்கள்.

திரையில் எல்லோரும் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் மெதுவாக, “ஐடி பற்றிய விதி உங்களுக்குத் தெரியும்” என்றார். தெரியும் என்றேன். அன்றைக்கே நாலு பேருக்கும் பச்சை திரும்ப வந்துவிட்டது. இனிமேல் ஒரு டீம் மொத்தமாகச் சத்தமில்லாமல் வெளியேறினால், குறி போடுமுன் ஒரு மனுஷர் பார்த்து விசாரிக்க வேண்டும் என்றும் விதி மாறியது. அதை நான்தான் எழுதினேன். துட்டி என்ற வார்த்தை அதில் இல்லை.

இரண்டு நாள் அம்மாவிடம் சொல்லலாம், சொல்லலாம் என்றே தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனைத் திறந்தாள். பச்சைச் சட்டைக்காரன் இல்லை. அந்த இடத்தில் வெறும் நிழல் உருவம் ஒன்று நின்றது. புதிய வீரரே வருக, உங்கள் பேரைப் பதியுங்கள் என்று எழுதியிருந்தது.

“எங்கட்டி அவன்?” என்றாள்.

“போயிட்டாம்மா. நான் உண்மையச் சொன்னம்லா, அதான் எடுத்துட்டாங்க. அந்த நாலு பேருக்கும் நல்ல பேரு திரும்ப வந்துட்டு.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூச்சு விடவில்லை.

“ஒண்ணும் சொல்லாமயா போயிட்டான்?”

“சொல்லலம்மா.”

அம்மா போனை அணைத்து என் கையில் கொடுத்தாள். சார்ஜ் வயரையும் சுவரிலிருந்து பிடுங்கிச் சுற்றினாள்.

“சொல்லக் கூடாதுல்லா” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.