பேர் தெரியாத சகோதரத்துக்குத் துடக்கு

காலையில் ஒரு வெள்ளைக்கார மிஸி கதவைத் திறந்துகொண்டு வந்து, என் வயிற்றின் வலப்பக்கத்தை அன்போடு பார்த்து, "நீயெ நீரெ?" என்று கேட்டாள். மயக்கமருந்து முழுதாகத் தெளியாத தலை. பாதி ஆயுளை இலங்கையின் அளவெட்டியில் கழித்தவனுக்கு நோர்வே ஆஸ்பத்திரிக் கட்டிலில் தமிழ் கேட்டால் என்ன அர்த்தம்? செத்துவிட்டேன் என்று முடிவுகட்டினேன். யமனுக்கு மரியாதை தெரியாது என்றும் முடிவுகட்டினேன். நீ என்றால் நீ, நீர் என்றால் நீர். இரண்டையும் கலந்து ஒருவனைக் கூப்பிடுவது எங்கள் ஊரில் வேலிச் சண்டையில்கூட நடக்காது. பிறகுதான் விளங்கியது. 'நீயெ' என்றால் புதியது. 'நீரெ' என்றால் சிறுநீரகம். புதிய சிறுநீரகத்தின் சுகத்தைத்தான் இங்கர் என்ற அந்தத் தாதி விசாரித்திருக்கிறாள். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் பயப்பட வேண்டாம், எழுதுவது நான்தான். ஏன் இப்படி உறுதிப்படுத்துகிறேன் என்பது போகப்போக விளங்கும்.

பயத்தில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. எண்பத்தேழில் ஊருக்கு மேலே குண்டு போடும் பொம்மர் சுற்றத் தொடங்கிய காலம், எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்குள் முதலாவதாக இறங்குவது நான்தான். அக்கா அடுப்பை அணைத்து, ஆட்டை அவிழ்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரும்போது நான் உள்ளே மூலையில் சப்பாணி கட்டியிருப்பேன். "குஞ்சு குருமானெல்லாம் வெளியிலை நிக்குது, உவர் போய்க் குந்தியிருக்கிறார்," என்பாள். "உள்ளை பாம்பு பூச்சி இருக்கோ எண்டு பாக்க வந்தனான்," என்பேன். உண்மையில் பாம்பு இருந்திருந்தால் நான் பொம்மரோடு சமாதானம் பேசப் போயிருப்பேன். தாய் தகப்பன் போனபிறகு எங்கள் வீட்டில் அக்காவும் நானும்தான். வேறு சகோதரம் கிடையாது. என்னுடைய பயத்தையும் சேர்த்து அவள்தான் சமாளித்தாள். அடுத்த வருடம் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியதும் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்பதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

நோர்வேயின் வடக்கில் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வெள்ளிக்கிழமை மீன் வாசம் பட்டாலே முகம் சுளிக்கும் வீட்டில் பிறந்தவன், கிழமை முழுக்க மீனுக்குள் நின்றேன். பக்கத்து மேசையில் குருநகர் மரியதாஸ். கடலும் மீனும் பிறப்போடு வந்தவன் என்பதால் நான் கத்தி பிடிக்கும் விதத்தைப் பார்த்தே அவனுக்குப் பொழுதுபோய்விடும். ஒரு குளிர்காலம் என் கால்கள் வீங்கத் தொடங்கின. பூட்ஸ் சுருங்கிவிட்டதாக நினைத்து, வேறு சோடி தரச் சொல்லி மேற்பார்வையாளரோடு வாதாடினேன். தந்தார்கள். அதுவும் சுருங்கியது. மூன்றாவது சோடியோடு மரியதாஸ் என் முகத்தைப் பார்த்து, "அண்ணை, பூட்ஸ் சுருங்குது சரி, முகம் ஏன் வீங்குது?" என்று கேட்டான். அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு சிறுநீரகமும் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டிருந்தன.

அதன்பிறகு வாழ்க்கை ஒரு மெசினின் குழாயில் தொங்கியது. இரத்தம் வெளியே போய்க் கழுவுப்பட்டுத் திரும்பி வரும். அந்த மெசின் சிறிய சத்தம் போட்டாலும் நான் மணியை அமத்துவேன். அளவெட்டியில் கரண்ட் இல்லாமற்போய் வருடக்கணக்காகிவிட்டது என்பதும், அக்கா வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்கிறார்கள் என்பதும் அந்த மிஸிமாருக்குத் தெரியாது. ஒருநாள் லைற் மினுங்கியது. "உங்கடை மெசினைச் சைக்கிளிலை ஓட்டலாமோ?" என்று கேட்டேன். உடற்பயிற்சி செய்ய ஆசைப்படுகிறேன் என்று விளங்கிக்கொண்டு பாராட்டினார்கள்.

செய்தி ஊருக்குப் போனதும் அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதென்று புறப்பட்டாள். கிளாலிக் கடலைப் படகில் கடந்து, எத்தனையோ சோதனைச் சாவடிகளில் ஏறி இறங்கி, கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினாள். விசா கிடைக்கவில்லை. போனவள் திரும்பி வரமாட்டாளாம். ஆட்டையும் மாட்டையும் தோட்டத்தையும் விட்டு அக்கா இங்கே நிற்கப்போகிறாள் என்று பயந்தவர்கள் அக்காவை அறியாதவர்கள். அவள் மறுபடி விண்ணப்பித்துக் காத்திருந்த நேரத்தில்தான் இங்கே யாரோ ஒருவர் இறந்துபோக, அவருடைய சிறுநீரகம் எனக்கு வந்தது. யார் என்று சொல்லமாட்டார்கள். சட்டம் அப்படி. ஆணா பெண்ணா, எந்த ஊர், எப்படிச் செத்தார், ஒன்றும் கிடையாது.

மூன்றாம் நாள் அக்கா லொட்ஜ் போனில் பிடித்தாள். சுகம் விசாரிக்கவில்லை.

"தம்பி, மூத்திரம் போகுதோ?"

"வாளி வாளியாய்ப் போகுதக்கா."

"அப்ப சரி. ஆரடா தந்தது?"

"செத்த ஆளொண்டு. பேர் சொல்ல மாட்டினமாம்."

"ஆம்பிளையோ, பொம்பிளையோ?"

"அதுவும் சொல்ல மாட்டினம்."

"உதென்ன கதை. வாங்கின வீடு தெரியாமல் என்னெண்டு நன்றி சொல்லுறது?"

அதுதான் எனக்கும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள். இங்கே நன்றிக்குப் பஞ்சமில்லை. உப்பு எடுத்துத் தந்தாலே 'துசன் தக்', ஆயிரம் நன்றி என்பார்கள். உப்புக்கே ஆயிரத்தைக் கொடுத்துவிட்டால் சிறுநீரகத்துக்கு எதைச் சொல்வது? அதைவிட, செத்தவரின் உறுப்பு உள்ளே இருந்தால் எனக்கும் சாவுத் தீட்டோ என்ற இன்னொரு பயமும் மூன்று நாளாக அரித்தது. அதை மரியதாசிடமே கேட்டுப் பார்த்திருந்தேன். "எங்கடை ஆக்களெண்டால் ஒரு மெழுகுதிரியோடை முடிஞ்சிடும். நீங்கள் சைவக்காரர் செத்த மனுசரையும் நிம்மதியாய் விடமாட்டியள்," என்றான். ஆகவே அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, எனக்குத் துடக்கோ?"

அக்கா முதலில் விசாரணை வைத்தாள்.

"அந்த ஆளின்ரை ரத்தம் உன்ரை ரத்தத்தோடை கலந்திட்டுதோ?"

"கலந்திட்டுது."

"அப்ப சகோதரம். சகோதரத்துக்குத் துடக்குத்தானே. உனக்கெண்டால் எனக்கும்தான். முப்பத்தோராம் நாள் முடியிறவரைக்கும் மீன், இறைச்சி, மச்சமொண்டும் தொடாதை. நான் ஊருக்குப் போய் அந்தியேட்டிக் கிரியைக்கு ஆயத்தப்படுத்திறன். அந்தச் சீவனுக்கு அங்கை ஆர் இதெல்லாம் செய்யப்போகினம்."

மனதில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதைச் சுமக்கும் வேலை இங்கருக்கு வந்து சேர்ந்தது. மத்தியானம் அவித்த மீனும் கிழங்கும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அடுத்த நாள் இறைச்சி. வேண்டாம். தாடி வழிக்கச் சவரக்கத்தி கொண்டுவந்தாள். அதுவும் வேண்டாம். கட்டில் ஓரத்தில் இருந்து, ஏன் என்று கேட்டாள். என்னுடைய நோர்வேஜியனில், என் 'சோஸ்கென்' செத்துவிட்டது என்றேன். ஆணோ பெண்ணோ குறிக்காமல் சகோதரம் என்று சொல்ல இவர்களிடமும் அப்படியொரு சொல் இருந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கரின் கண் கலங்கியது. இலங்கையில் யுத்தமா என்றாள். இல்லை, நோர்வேயில் என்றேன். எங்கே என்றாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். அவள் என் கையை மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போனாள். பின்னேரம் மனநல வைத்தியர் வந்தார். நல்ல மனிதர். எனக்கு உள்ளே இருந்து குரல் ஏதும் கேட்கிறதா என்று விசாரித்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கிறது, நெடுநாளைக்குப் பிறகு கேட்கிறபடியால் சந்தோசமாக இருக்கிறது என்றேன். நீளமாக ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

பகிடி அதோடு நின்றது. இரண்டு கிழமைக்குப் பின் காய்ச்சல் பிடித்தது. ஜாடியில் அளக்கும் நீர் நாளுக்கு நாள் குறைந்தது. டொக்டர் வந்து 'அவ்ஸ்தோத்னிங்' என்றார். தள்ளிவிடுதல் என்று அர்த்தம். என் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை 'ஃப்ரெம்மெட்' என்று நினைக்கிறதாம். அந்நியர். கடையிலும் பஸ்ஸிலும் முதுகுக்குப் பின்னால் நான் கேட்டுப் பழகிய சொல். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒரு சீவன், அகதியாய் வந்த என் வயிற்றுக்குள் அகதியாகி நிற்கிறது. அதற்கு விசா இல்லையென்று மறுப்பவன் நான். அக்காவைத் திருப்பி அனுப்பிய அதிகாரியை நான் எவ்வளவு திட்டியிருப்பேன். அவனாவது ஒரு கடுதாசியில் மறுத்தான். நான் காய்ச்சலால் மறுத்துக்கொண்டிருந்தேன். கையில் ஊசி ஏற்றிக்கொண்டே போனார்கள். நான் போர்வைக்குள் வயிற்றைத் தடவி, "இரும், சகோதரம், கோவிக்காதையும், உள்ளை சண்டை பிடிக்கிற இவங்கள் என்ரை ரத்தத்து ஆக்கள்தான், கொஞ்சம் மொக்கர், சொல்லிச் சரிப்படுத்திறன்," என்று கெஞ்சினேன். பங்கருக்குள் இருந்தபோது எனக்காக மட்டும்தான் பயந்தேன். இப்போது இரண்டு பேருக்குப் பயப்பட வேண்டியிருந்தது. இந்த ஆள் ஒருமுறை செத்தது போதும், என்னால் இன்னொருமுறை சாகக்கூடாது.

ஒரு மாதத்துக்கு மேலாகி, காய்ச்சல் இறங்கியும் இறங்காமலும் இருந்த ஒரு மத்தியானம் கட்டிலோடு இருந்த போன் அடித்தது. கொழும்பில் இருந்து தவராசா, என்னோடு படித்தவன், அளவெட்டிச் சந்தியில் கடை வைத்திருப்பவன், சாமான் எடுக்க வந்திருந்தான்.

"ஹலோ, அளவெட்டியானின்ரை அறையோ? அவரின்ரை சாமானுகளைப் பொறுப்பெடுக்க ஆரும் நிக்கினமோ?"

"ஏன், ஆர் பறையிறது?"

"நான் தவராசா. அவரோடை படிச்சனான். துக்கம் விசாரிக்கத்தான் எடுத்தனான்."

"டேய், நான்தான்ரா."

தவராசா மிக மெதுவாக, "மச்சான், நீ செத்திட்டாய்," என்றான்.

என் நிலைமையில் அதை உடனே மறுக்க எனக்குத் துணிவு வரவில்லை. கையைக் கிள்ளிப் பார்த்தேன். ஊசி ஏற்றிய கை, நன்றாக நொந்தது.

நடந்தது இதுதான். அக்கா ஊருக்குத் திரும்பி, தங்களுக்குத் துடக்கு என்றிருக்கிறாள். ஆர் என்று கேட்டதற்கு, எங்கடை சகோதரம் ஒண்டு, நோர்வேயிலை, என்றிருக்கிறாள். நோர்வேயில் அவளுக்கு எத்தனை சகோதரம் என்று ஊருக்குத் தெரியும். பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். "தம்பி இல்லையடி, தம்பி இருக்கிறான், அவனுக்கு உறுப்புத் தந்த ஆள்தான் போயிட்டுது," என்று அக்கா சொல்லச் சொல்ல, ஐயோ, மூளை கலங்கிப்போச்சு, தம்பி உயிரோடை எண்டெல்லே பிசத்துறா என்று இன்னும் பலமாக அழுதார்களாம். முப்பத்தோராம் நாள் கிரியையில் குருக்கள் பேர் கேட்டார். சகோதரம் எண்டு சொல்லுங்கோ என்றாளாம். நட்சத்திரம்? தெரியாது, பனி கொட்டின நாள் என்றாளாம். படையலில் ஊர்ச் சனம் எனக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பும் பணியாரமும் கொண்டுவந்து வைக்க, அக்கா எங்கேயோ தேடிப்பிடித்த ஒரு பாண் ரொட்டித் துண்டை இலையின் மற்றப் பக்கத்தில் வைத்தாளாம், வெள்ளைக்காரச் சீவன் உறைப்புத் தின்னாது என்று.

"நானும் அழுதனான்ரா," என்றான் தவராசா, குறைப்படும் குரலில்.

"வீணாய்ப் போகேல்லை மச்சான். அது போகவேண்டிய ஆளுக்குப் போயிருக்கும்."

சும்மா சமாதானத்துக்குச் சொன்ன வார்த்தை. சொன்னபிறகுதான் அது எனக்கே உறைத்தது. ஊர்ச் சனம் பிழையாகவும் அழவில்லை. கரண்ட் இல்லாத ஊரில் நான் நின்றிருந்தால் அந்தக் கால் வீக்கத்தோடு போயிருப்பேன். எனக்கென்று ஊர் வைத்திருந்த கண்ணீரை, என் இடத்தில் செத்த ஆள் வாங்கிக்கொண்டார். ஆயிரம் நன்றி சொல்லியும் தீராததை அளவெட்டிப் பெண்கள் ஒரு காலைப்பொழுதில் அழுது கொடுத்திருந்தார்கள்.

"இன்னுமொண்டு," என்று இழுத்தான் தவராசா. "உன்ரை படத்துக்கு மாலை போட்டு விறாந்தையிலை மாட்டியிருக்குது. சனம் செய்த வேலை. உன்ரை அக்கா அதைக் கழட்டேல்லை. அந்த ஆளின்ரை படம் இல்லைத்தானே, அது கிடைக்கிறவரைக்கும் இது நிக்கட்டும் எண்டு பின்னேரத்திலை விளக்கு வைக்கிறா. உயிரோடை இருக்கிறவன்ரை படத்துக்கு விளக்கு வைக்கக் கூடாதடா. போன உடனை கழட்டுவிக்கட்டோ?"

பல்லி சொன்னால் பயணத்தை நிறுத்துகிறவன் நான். தும்மினால் திரும்பி வந்து தண்ணீர் குடிக்கிறவன். மாலை போட்ட என் படம் கண்ணுக்குள் வந்தது. கழட்டு என்று சொல்ல வாய் திறந்தேன்.

"இருக்கட்டும்," என்றேன். "அக்காவிட்டைச் சொல்லு, இருக்கட்டும் எண்டு."

இப்போது ஆஸ்பத்திரியை விட்டு வந்து மாதங்களாகிவிட்டன. மருந்துக் குளிசைகளால் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியிருக்கிறது, கை நடுங்குகிறது, நீர் ஒழுங்காகப் போகிறது. மறுபடியும் குளிர்காலம். அளவெட்டியில் விளக்கு வைக்கும் நேரம் இங்கே மத்தியானம் கழிந்த இரண்டு மணி, ஆனால் இந்த வடக்கில் அப்போதே இருட்டிவிடும். அந்த நேரம் யன்னல் கண்ணாடியில், நாலு சட்டத்துக்கும் நடுவில், என் முகம் வந்து நிற்கும். பார்த்ததும் பயத்தில் திரைச்சீலையில் கை போய்விடும். ஆனால் உடனே இழுப்பதில்லை. அங்கே விறாந்தையில் அந்த முகம் அவருடையது, விளக்கு எரிந்து முடியட்டும் என்று கொஞ்சநேரம் அசையாமல் நிற்பேன்.