பெட்ரோமாக்ஸ் எதிர்ப்பக்கம் போன கதை

போன வாரம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கயிறு சுற்றிவரும் காக்கித் தாளைக் கிழித்து எழுதியது. அப்படியே தருகிறேன்:

"வாத்தியாரய்யாவுக்கு காதர் ராவுத்தர் சலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு என் கடையில் நானே பேப்பர் வாசிக்கிறேன். வந்து கேட்கவும்."

கீழே தேதி இருந்தது, கிழமை இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து ஓரத்தில் 'புதன்' என்று நான் எழுதிக்கொண்டேன். என் வாசகர்களுக்குத்தான் தெரியுமே... கிழமை இல்லாத தேதி எனக்கு அரைத் தேதி.

நல்ல கடிதம்தானே? மரியாதையான கடிதம்தானே? வாசித்து முடித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

காரணம் சொல்கிறேன். காதர் ராவுத்தருக்குக் கோரிப்பாளையத்தில் கயிற்றுக்கடை. வயது ஐம்பதுக்கு மேல். ஆனி முதல் ஆவணி வரை என்னிடம் தமிழ் படித்தார். தன் பெயரைக்கூட எழுத வரவில்லை. புரட்டாசியில் என்னை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்துக் கிளாஸுக்குப் போனார். இப்போது மார்கழி. அவர் வாழ்நாளில் எழுதிய முதல் கடிதம் எனக்கு வந்திருக்கிறது – தனக்கு எழுதவும் வாசிக்கவும் தெரியும் என்று சொல்ல!

ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேறு அடி வேண்டுமா?

கோரிப்பாளையம் வாசகசாலைக்காரர்கள் முதியோருக்காக இரண்டு கிளாஸ் நடத்துகிறார்கள். ஒன்று இரும்புக்கடை மாடியில், என்னுடையது. மற்றது எதிரே சைக்கிள் கடையில், தாமோதரனுடையது. வாசகசாலைக்கு இருப்பது ஒரே பெட்ரோமாக்ஸ். எங்கே கூட்டம் அதிகமோ அங்கே அந்த விளக்கு. மற்றவருக்கு அரிக்கேன். ஆனியில் பெட்ரோமாக்ஸ் என் மாடியில் எரிந்தது. ஐப்பசியில் தெருவைத் தாண்டிப் போய்விட்டது. ராவுத்தர் எழுந்து போனபோது அவரோடு பாதிப் பேர் போய்விட்டார்களே!

என் அரிக்கேன் வெளிச்சத்தில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் பளீரென்று தெரியும். சிரிப்புச் சத்தமும் கேட்கும். கிளாஸில் என்ன சிரிப்பு?

தாமோதரனைப் பற்றி இரண்டு வார்த்தை. கோச்சடைக்காரர். வயலும் உழவுமாக உள்ள சம்சாரி வீட்டுப் பிள்ளை. இன்டர்மீடியட்டில் ஒரு முறை தவறி, இப்போது இன்ஷூரன்ஸ் பிடிக்கிறார். புத்தகம் வாசிக்கிற வழக்கம் கிடையாது. நானோ முதியோர் கல்வி பற்றிச் சென்னையிலிருந்து புத்தகங்கள் வரவழைத்து அடிக்கோடிட்டுப் படித்தவன். வைகைப் பாலம் கட்டிய வருஷத்தை அவர் கிளாஸில் தப்பாகச் சொன்னார். தப்பைச் சுட்டிக்காட்டி, ஆதாரத்தோடு ஒரு சீட்டு அனுப்பினேன். அதைக் கிளாஸிலேயே உரக்க வாசித்து, "பாத்தீகளா, எதிர்ப்பக்கத்து அண்ணன் நமக்காக எம்புட்டு சிரமப்பட்டிருக்காக!" என்று நன்றி சொல்லிவிட்டார். அவர் கோபித்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

என்னிடம் ராவுத்தர் படித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பலகையைக் கையில் கொடுத்தால் பலப்பத்தை நேரே வலது ஓரத்துக்குக் கொண்டுபோவார். நான் கையைப் பிடித்து இடது ஓரத்தில் வைப்பேன். மறுநாளும் வலது ஓரம். மறுநாளும் நான். பிறகு பால பாடத்தை விரித்து ஆட்டுப் படத்தைக் காட்டுவேன். "இது என்ன?"

"ஆடு. வாத்தியாரய்யா, வருஷா வருஷம் பக்ரீதுக்கு நாந்தானே போய்ப் பல்லைப் பாத்து வாங்கியாறேன்... இதுக்குப் பொம்மை எதுக்கு?"

மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். 'கிரகிக்கும் வயதைக் கடந்தவர்' என்று அவர் பெயருக்கு எதிரே குறித்து வைத்தேன்.

அவர் எதிர்ப்பக்கம் போன முதல் நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிளாஸைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். சைக்கிள் கடை வாசலில் பம்பை வாங்கிக் காற்றடிக்க ஆரம்பித்தேன். டயர் கல்லு மாதிரிதான் இருந்தது.

உள்ளே தாமோதரன் பலகையைக் கொடுத்தார். ராவுத்தரின் பலப்பம் வழக்கம்போல வலது ஓரத்துக்குப் போயிற்று. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். படட்டும், இவரும் படட்டும்!

தாமோதரன் கையைப் பிடிக்கவில்லை. "ஏண்ணே அங்கெயிருந்து தொடங்குறீக?" என்றார்.

"சின்ன வயசுல மதரஸாவுல அரபி ஓதுனது அப்படித்தான் தம்பி. அந்தப் பழக்கம், கை தானாப் போகுது."

"அப்ப உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியும்னு சொல்லுங்க! எழுத்துத்தான் வேறே. சரி, எம் பேரை உங்க எழுத்துல எழுதிக் காட்டுங்க, நானும் எழுதிப் பாக்குறேன்."

ராவுத்தர் எழுதிக் காட்டினார். தாமோதரன் அதைப் பார்த்து எழுதினார் – மகா கோணல். "மாப்ள, வலப்பக்கமிருந்து வாங்க! இது என்ன, புழு நெளியிற மாதிரி!" ராவுத்தர் சொன்னதும் கடையே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தாமோதரன் ஒரு தமிழ் எழுத்தை எழுதி, அதற்குக் கொக்கி போட்டு, சுழி போட்டு, கால் வாங்கிக் காட்டினார். ராவுத்தர் குனிந்து பார்த்தார். "அடடே... அங்கெ ஓதுறப்ப மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டா சத்தம் மாறும். இங்கெயும் அதே சங்கதிதானா!"

அப்புறம் தாமோதரன் இன்னொன்று கேட்டார். "எதுக்குண்ணே படிக்கணும்?"

மூன்று மாதம் நான் கேட்காத கேள்வி. என் புத்தகங்களில் அதற்கு ஓர் அத்தியாயமே உண்டு. அடிக்கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

"எம் மச்சானாலதான்" என்றார் ராவுத்தர். "தங்கச்சி வீட்டுக்காரர் மீரான். தெனம் சாயங்காலம் நம்ம கடையில பேப்பர் வாசிக்கிறது அவருதான். எல்லாரும் அவரு வாயையே பாப்பாக. எங் கடை, எங் காசுல வாங்குற பேப்பர்... எனக்கு மருவாதி இல்லை. ஆனா அதுல இருக்கிறதைத்தான் வாசிக்கிறாரா? ஜெர்மன்காரன் ஒரு ஊரைப் பிடிச்சிட்டான்னு திங்கக்கிழமை வாசிச்சாரு. வியாழக்கிழமையும் அதே ஊரைப் பிடிச்சிட்டான்கிறாரு. ஒரு ஊரை எத்தனை தடவைதான்யா பிடிப்பான்?"

மறுநாள் முதல் பால பாடம் கிடையாது. தாமோதரன் பேப்பரையே விரித்துவிட்டார். குழந்தை பிரம்புக்குப் பயந்து படிக்கும். ஐம்பது வயசுக்காரரை எந்தப் பிரம்பு மிரட்டும்? மச்சான் மேல் உள்ள எரிச்சல்தான் அவரை விரட்டியது. பொறாமை அவ்வளவு நல்ல சட்டாம்பிள்ளை என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன்.

கயிற்றுக்கடையில் நல்ல கூட்டம். பொங்கல் நெருங்குகிறது அல்லவா... அவனியாபுரத்துக்காரர்கள் காளைக்கு மூக்கணாங்கயிறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோச்சடையிலிருந்து ஒரு சம்சாரி வந்திருந்தார். தாமோதரன் ஒரு கயிற்றுக் கட்டின்மேல் உட்கார்ந்து எனக்கும் இடம் விட்டார். மீரான் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றார்.

ராவுத்தர் பேப்பரை மடியில் வைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி, நிதானமாக வாசித்தார். தலைப்பு. சண்டைச் செய்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"மச்சான், நீங்க வாசிச்சு முடிக்கங்குள்ள சண்டையே முடிஞ்சிரும்!" என்றார் மீரான்.

கூட்டம் சிரித்தது. ராவுத்தரின் விரல் நின்றுவிட்டது. காது சிவந்துவிட்டது. பேப்பரை மடித்துவிடுவார் என்றே நினைத்தேன். மடித்தால் இனி ஜன்மத்துக்கும் விரிக்க மாட்டார். அவர் தோற்றால் எதிர்ப்பக்கத்து விளக்கு திரும்பிவரும் என்று ஒரு கணக்கும் எனக்குள் ஓடியது... பொய் சொல்வானேன்?

ஆனால் வாத்தியார் புத்தி விடுமா? அடுத்த சொல்லை எடுத்துக் கொடுக்க வாய் திறந்தேன். தாமோதரன் சட்டென்று என் மணிக்கட்டை அழுத்தினார். "சும்மா இருங்கண்ணே. வருவாரு."

ராவுத்தர் பக்கத்தின் அடிக்கு விரலை நகர்த்தினார். அங்கே பொடி எழுத்தில் ஒரு சின்னச் செய்தி. மதகு பழுது பார்ப்பதால்... மேற்கு வாய்க்காலில்... திங்கட்கிழமை முதல்... தண்ணீர்... நிறுத்தப்படும்.

கோச்சடைச் சம்சாரி எழுந்துவிட்டார். "என்னது? திங்கக்கிழமையா? இன்னொருக்க வாசிங்க ராவுத்தரே!"

ராவுத்தர் இன்னொருக்க வாசித்தார். இந்த முறை தடங்கல் குறைவு.

"பயிரு பால் பிடிக்கிற நேரம்யா! நாளைக்கே தண்ணி பாய்ச்சணும். இதெல்லாம்கூடப் பேப்பர்ல போடுவானா? மீரான் அண்ணே, இம்புட்டு நாளும் ஜெர்மன்காரனையே வாசிச்சீகளே!"

வாங்கிய கயிற்றைக்கூட மறந்து அவர் ஓடினார். ராவுத்தர் பேப்பரை மடிக்கவில்லை. மறுபக்கம் திருப்பினார். கூட்டம் இப்போது அவர் வாயைப் பார்த்தது.

நான் மீரானைப் பார்த்தேன். அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். புரட்டாசியிலிருந்து சவரம் செய்துகொள்ளும்போதெல்லாம் கண்ணாடியில் அதைத்தானே பார்க்கிறேன்!

கூட்டம் கலைந்ததும் மீரான் என் பக்கம் ஒதுங்கினார். "வாத்தியாரய்யா, ஒங்க கிளாஸ்ல எடமிருக்கா?"

"நிறைய இருக்கிறது. உங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே, எதற்குப் படிக்க வேண்டும்?" கேட்டுவிட்டேன். தாமோதரனின் கேள்வி, என் வாயில்!

"இங்கிலீஷு. மச்சானுக்குத் தெரியாதது எதாச்சும் வேணும்யா எனக்கு."

திங்கட்கிழமையிலிருந்து மீரான் வருகிறார். பால பாடம் கிடையாது; நேரே இங்கிலீஷ் பேப்பர்தான். அவரோடு இன்னும் சிலரும் வருகிறார்கள். முந்தாநாள் மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நேற்றுக் கிளாஸ் நேரத்தில் தாமோதரன் என் மாடிப்படிக்குக் கீழே சைக்கிளை நிறுத்தி, கழன்றே இராத சங்கிலியை வெகுநேரம் மாட்டிக்கொண்டிருந்தாராம். எழுதும்போதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஆனால் செய்தியைச் சொன்னவர் மீரான். ஆகவே 'இன்னும் உறுதியாகவில்லை' என்றே பதிவு செய்கிறேன்.